கூடைப்பந்தில் 12 அணிகளுக்கு மாறி மாறி ஆடிய ஒரு சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் உயரமான ஆள்) தோற்றுப்போனவர்தானே?

கேள்வியின் கடைசியில் ஒரு 'தானே' போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேன். என் மச்சானும் இதே தானேயைப் போட்டுத்தான் கேட்பார். "மாப்ள, அஞ்சு டீம் மாறினீங்க, ஒருத்தன்கூட உங்களை வெச்சுக்கலதானே?" பத்து வருஷமாகக் கேட்கிறார்.

நீங்களும் உயரமான ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டீமில் எடுத்திருப்பார்கள், பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள், அடுத்த சீசன் வேறு டீமுக்குப் போகலாமா என்று யோசனை. அப்படி இல்லை, சும்மா பொழுதுபோகாமல் கேட்டேன் என்றால் மன்னிக்கவும், இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வருவார்கள். என்னை நான் அமெரிக்காவின் என்பிஏ லீக் ஆட்களோடு ஒப்பிடவில்லை. என் உயரம் 6 அடி 3 அங்குலம், அங்கே அது கார்டு (கூடைக்குத் தள்ளி நின்று பந்தை நடத்துகிறவன்) ஆடுகிறவன் உயரம். நான் ஆடியது சின்ன லெவல். ஆனால் செய்த வேலை அதே வேலை.

12 அணி என்று நீங்கள் சொன்னதும் எனக்கு டோனி மாசன்பர்க்தான் ஞாபகம் வந்தார். 6 அடி 9 அங்குலம், பவர் ஃபார்வர்டும் ஆடுவார், சென்டரும் ஆடுவார். 1990 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்களைப் பொறுக்கும் நிகழ்ச்சியில், 43ஆவது ஆளாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி எடுத்தது. அதற்கப்புறம் ஊர் ஊராகச் சுற்றி மொத்தம் 12 அணி. ஜோ ஸ்மித், ஜிம் ஜாக்சன், சக்கி பிரவுன் ஆகியோரும் அதே 12தான், 2022இல் இஷ் ஸ்மித் 13ஆவது அணிக்குப் போகும்வரை அதுதான் சாதனை. மாசன்பர்க் கடைசியில் ஆரம்பித்த இடமான ஸ்பர்ஸுக்கே திரும்பி வந்து 2005இல் சாம்பியன்ஷிப் மோதிரம் வாங்கினார். முதல் டிராஃப்டுக்கும் அந்த மோதிரத்துக்கும் நடுவில் 15 வருஷம். 15 வருஷம் ஒருத்தனை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றால் அது தோல்வியா? சரி, அதை விடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். என்னுடைய மூன்றாவது டீம் அது. மெயின் சென்டர் வேறொருவர், என்னைவிடத் திறமைசாலி, அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. நான் அவருக்கு மாற்று ஆள். ஒரு டோர்னமெண்ட் அரையிறுதியில் எதிர் டீமில் ஒரு ராட்சசன், என்னைவிட நாலு அங்குலம் உயரம், இருபது கிலோ கூட. எங்கள் ஆட்டத்தில் ஒருத்தன் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போய்விட வேண்டும். கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு அஞ்சு ஃபவுல் இருக்கு. அஞ்சையும் அவன்மேல செலவு பண்ணிட்டு வந்து உட்காரு. ஒண்ணுகூட மிச்சம் வெக்காதே" என்றார். அவ்வளவுதான் என் வேலை. வேறு எந்தக் கோச்சும் எனக்கு அவ்வளவு தெளிவாக வேலை சொன்னதில்லை.

ஃபவுல் போடுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். அவன் ஷூட் பண்ணக் கையைத் தூக்கிய பிறகு அடிக்க வேண்டும், அடித்தால் பந்து கூடைக்குள் போகக் கூடாது, ஆனால் நடுவருக்கு அது வேண்டுமென்றே அடித்ததாகவும் தெரியக் கூடாது. என் முதல் ஃபவுலில் மெதுவாகத் தட்டிவிட்டேன். அவன் என்னையும் சுமந்துகொண்டு போய்க் கூடையில் போட்டுவிட்டான், மேற்கொண்டு யாரும் தடுக்காமல் போடும் ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைத்தது. கோச் ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நாலு ஃபவுல், நாலும் ஒழுங்காக விழுந்தது. மூன்றாவதில் அவன் முழங்கை என் பல்லில் பட்டு உதடு கிழிந்தது, இன்றைக்கும் தையல் தழும்பு மீசைக்குள் ஒளிந்திருக்கிறது. என் ஐந்து ஃபவுலில் அவனுக்கு மொத்தம் 9 ஃப்ரீ த்ரோ. போட்டது 4. ஒன்பது நிமிஷத்தில் நான் வெளியே.

அந்த ஒன்பது நிமிஷமும் எங்கள் மெயின் சென்டர் பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கடைசிக் குவார்ட்டரில் ஃபவுல் பயம் இல்லாமல் உள்ளே போனார். நாலு புள்ளியில் ஜெயித்தோம். ஆட்ட நாயகன் பரிசு எங்கள் பாயிண்ட் கார்டுக்கு. ஸ்கோர் ஷீட்டில் என் பெயருக்கு நேரே புள்ளி 0, ஃபவுல் 5. மச்சான் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். வெளியே வந்ததும் கேட்டது, "ஏன் மாப்ள, ஒரு பால்கூட போடலையா?"

என்பிஏ பார்க்கிறவர்களுக்கு ஜேசன் காலின்ஸைத் தெரிந்திருக்கும். 7 அடி சென்டர், 13 சீசன், சராசரி ஓர் ஆட்டத்துக்கு 4 புள்ளிகூட வராது. 2011 பிளேஆஃப்பில் (சீசன் கடைசியில் வரும் நாக்அவுட் தொடர்) அட்லாண்டாவுக்காக ஆடியபோது ஒர்லாண்டோவின் சென்டர் ட்வைட் ஹோவர்டை இவர்தான் பெரும்பாலும் தனி ஆளாகத் தாங்கினார். ரெண்டாவது ஆளை உதவிக்கு அனுப்பாமல் மற்றவர்கள் வெளியே, தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட் போடுகிறவர்களோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் ஆட்டத்தில் ஹோவர்ட் 46 புள்ளி எடுத்தார். ஒர்லாண்டோ தோற்றது! தொடரையும் அட்லாண்டா 4-2 என்று ஜெயித்தது. காலின்ஸ் என்ன செய்தார் என்று புள்ளிவிவரப் பட்டியலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஹோவர்ட் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அவர் பெரிய ஆள்தான். அதற்கும் முன்னால் ஷாக் என்கிற ஷகீல் ஓ'நீல் உச்சத்தில் இருந்த காலத்தில் அவரைத் தடுக்கவென்றே ரெண்டு மூன்று தடி ஆட்களை எதிர் டீம்கள் வைத்துக்கொள்ளும். அங்கே ஆளுக்கு 6 ஃபவுல், மூன்று பேர் என்றால் 18. இது கேலி இல்லை, கணக்கு.

டீம் மாறுவதற்குக் காரணம் எப்போதும் ஆட்டமாக இருக்காது என்பதையும் கேட்டவர் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே டிரேடு (டீம்கள் ஆட்களை மாற்றிக்கொள்வது) என்றால் பெரும்பாலும் ரெண்டு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், அந்தக் கணக்குக்காகவே ஓர் ஆளைச் சேர்த்து அனுப்புவார்கள். 2016இல் லேக்கர்ஸ் அணி டிமோஃபி மோஸ்கோவ் என்ற சென்டருக்கு 4 வருஷத்துக்கு 6.4 கோடி டாலர் கொடுத்தது, மறுவருஷமே அந்தச் சம்பளத்தைத் தள்ளிவிட அவரை புரூக்ளின் அணிக்கு அனுப்பிவிட்டது. பதிலுக்கு வந்த சென்டர் புரூக் லோபஸ். அவர் முதல் 8 சீசனில் மூன்று புள்ளி ஷாட் மொத்தமே 3தான் போட்டவர், ஒன்பதாவது சீசனில் மட்டும் 134 போட்டார். அப்படி மாற முடிந்தவன் பிழைத்தான். முடியாதவன் பத்து நாள் ஒப்பந்தத்தில் ஓடுவான். ஜனவரி 5க்கு மேல்தான் அந்த ஒப்பந்தம் போடலாம், பத்து நாள் அல்லது மூன்று ஆட்டம், எது நீளமோ அது. ஒரே டீம் ஒரு சீசனில் ரெண்டு முறைதான் அப்படி எடுக்க முடியும், அப்புறம் மிச்ச சீசனுக்கு வைத்துக்கொள் இல்லை விட்டுவிடு. பெட்டியை முழுசாகப் பிரித்து அடுக்கக்கூட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உயரமாக இருப்பவனை எந்த வீட்டுக்குப் போனாலும் "அந்தப் பரண்மேல இருக்கிற டப்பாவை எடுத்துக் குடுங்க" என்கிறீர்களே, அதற்கு முதலில் ஒரு வாய் தண்ணீராவது கொடுங்கள். குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நிற்க வைத்து நெற்றிக்கு மேலே வெட்டிவிடுவது, பஸ்ஸில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாலு மணி நேரம், "மேலே மழை பெய்யுதா?" ஜோக். ஒரு தடவையாவது புதிதாக ஏதாவது சொல்லுங்களேன்.

அந்த டோர்னமெண்ட் முடிந்த ரெண்டாவது மாதம் அடுத்த சீசன் லிஸ்ட் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, நோட்டீஸ் போர்டில் மேலிருந்து கீழே மூன்று முறை படித்துத் தெரிந்துகொண்டேன். புதுசாக ஒரு பையன் வந்திருந்தான், 6 அடி 6. அதில் நியாயம் உண்டு, ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அதே வாரம் ஒரு போன். நாங்கள் அரையிறுதியில் தோற்கடித்தோமே, அந்த டீமின் கோச். "தம்பி, எங்க பையனை அன்னிக்குப் படாதபாடு படுத்தினது நீதானே? உதடு ஆறிடுச்சா? இங்க வந்துடு." போனேன். அவரும் தானே போட்டுத்தான் கேட்டார், ஆனால் அந்தத் தானே வேறு மாதிரி இருந்தது. அந்த ராட்சசனோடு தினமும் பிராக்டிஸில் முட்டி மோதி ரெண்டு வருஷம் அங்கே ஆடினேன், அவனுக்கு ஃப்ரீ த்ரோ கடைசிவரை திருந்தவே இல்லை.

நீங்கள் டீம் மாறப்போகிறீர்கள் என்றால் புது கோச்சிடம் முதல் நாளே என்ன வேலைக்காக எடுத்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பாக்ஸ் அவுட்டா (திரும்பி வரும் பந்துக்காக எதிராளியை உடம்பால் மறிப்பது), ஸ்க்ரீனா (நம் ஆளைத் துரத்துகிறவன் வழியில் அசையாமல் நிற்பது), ஃபவுலா, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்க்ரீன் வைக்கும்போது கால் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேவையில்லாமல் அதில் ஒரு ஃபவுல் போகும். ஆட்டம் முடிந்ததும் முழங்காலுக்கு ஐஸ் வையுங்கள், நான் வைக்கவில்லை, இப்போது மாடிப்படி ஏறும்போதெல்லாம் தெரிகிறது.