மூன்று பொட்டலம், ஒரே மஞ்சள் தக்காளி: எந்த விதையை வைத்துக்கொள்வது?

கேள்வி: பாவூர்சத்திரம் பக்கம் செவல் மண், கிணற்றுப் பாசனம். மஞ்சள் பிராண்டிவைன் என்ற அமெரிக்க மரபுத் தக்காளியை மூன்று ஆண்டாகக் கொஞ்சமாகப் போட்டு, நானே விதை எடுத்து வருகிறேன். போன தையில் நட்ட 20 செடிகளில் மூன்று சிவப்பாகக் காய்த்துவிட்டன. மற்றதில் பூ நிறையக் கொட்டியது. பிடித்த பழமும் வெடித்தது. இப்போது வெளியிலிருந்து இரண்டு பொட்டலம் வந்திருக்கிறது. ஒன்றில் வெறும் பெயர், இன்னொன்றில் ‘பிளாட்ஃபுட் வழி’ என்று போட்டிருக்கிறது. என் விதையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதற்கு மாறவா? பக்கத்து வயலில் பி.கே.எம்.1 என்ற சிவப்புத் தக்காளி நிற்கிறது.

பதில்: அண்ணாச்சி, அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். கலப்பு, பூ கொட்டுவது, வெடிப்பு என்று நீங்கள் சொல்லும் மூன்றும் வேறு வேறு சங்கதி. அதில் முதலாவது மட்டும்தான் விதையின் குற்றம்.

கலப்பைப் பார்ப்போம். தக்காளி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்தான். ஆனால் இந்தப் பெருங்காய் ரகங்களில் பூவின் பெண் நுனியான சூல்முடி, அதைச் சுற்றியுள்ள மகரந்தப் பைகளுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வெயில் ஏற ஏற இன்னும் நீளும். நீலவரித் தேனீயும் தச்சன் வண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு உலுக்கும்போது பக்கத்து பி.கே.எம்.1 மகரந்தம் ஒட்டிவிடும். அப்படிக் கலந்த விதை மஞ்சள் பழத்துக்குள்ளேயேதான் இருக்கும். பழத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மஞ்சள் ஒடுங்கு பண்பு, சிவப்பு ஓங்கு பண்பு. அதனால் கலந்த விதை முளைத்துக் காய்க்கும்போது பழம் சிவப்பாக வரும். உங்கள் மூன்று செடியில் நடந்தது இதுதான். அந்தச் சிவப்புப் பழத்திலிருந்து விதை எடுக்கவில்லை என்றால் உங்கள் விதைவழி கெட்டுவிடவில்லை.

பழம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மஞ்சள் பிராண்டிவைனுக்கு உருளைக்கிழங்குச் செடியைப் போல விளிம்பில் வெட்டு இல்லாத அகன்ற இலை. இதுவும் ஒடுங்கு பண்பு. பி.கே.எம்.1 போன்ற வெட்டிலை ரகத்தோடு கலந்த நாற்று எல்லாம் வெட்டிலையாகவே வரும். ஆகவே நாற்றங்காலிலேயே பிடுங்கிவிடலாம். முதல் இரண்டு இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது எல்லா ரகத்திலும் ஏமாற்றும். நான்காவது, ஐந்தாவது இலை விரியட்டும். உங்கள் சொந்த விதையில் 60 நாற்றாவது விட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து கலப்பு இருந்தால், 60 நாற்றில் ஒன்றாவது கண்ணில் பட 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 20 நாற்றோடு நிறுத்தினால் அது 64 விழுக்காடுதான். புதுப் பொட்டலங்களுக்கும் இதே சோதனை. விலை கொடுத்து வாங்கியது என்பதால் சுத்தமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு பொட்டலம் முழுக்க வெட்டிலையாக வந்தால் அது இந்த ரகமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையே மிச்சம்.

இனி பிளாட்ஃபுட். மஞ்சள் பிராண்டிவைன் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து பரவியது. அதிலிருந்து ஒருவர் தேர்ந்தெடுத்துப் பிரித்த விதைவழிதான் இது. பழம் வழுவழுப்பாக, கோணல் குறைவாக, காய்ப்புக் கூடுதலாக இருக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அங்கே அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊர்க் கோடை இரவு நம் மார்கழி இரவை விடக் குளிர்ச்சி. இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெருங்காய்த் தக்காளியில் காய்ப்பிடிப்பு இறங்கும். பகல் 35ஐத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்து பூ காம்போடு உதிரும். தையில் நட்டால் பூப்பது மாசிக் கடைசி, பங்குனி. அந்த நாளில் எந்த வழியைப் போட்டிருந்தாலும் கொட்டத்தான் செய்யும். விதையை மாற்றுவதற்கு முன் பட்டத்தை மாற்றுங்கள்.

ஐப்பசி முதல் வாரத்தில் குழித்தட்டில் விதையுங்கள். மழை படாத கூரையும் வெள்ளை ஈ நுழையாத நெருக்கமான வலையும் வேண்டும். 28 நாள் நாற்றைக் கார்த்திகையில் மேட்டுப்பாத்தியில் நட்டால் மார்கழிக் கடைசியிலிருந்து தை முழுக்கப் பூக்கும், மாசியில் பழம். மழைக்காலத்தில் நடுவதால் வாய்க்கால் மட்டத்தைவிட ஒரு சாண் உயரப் பாத்தி கட்டாயம். ஆனி, ஆடிப் பட்டம் இந்த ஒப்பீட்டுக்கு ஆகாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளுயரக் கொடியை முறுக்கிப் போடும். சாரல் ஈரத்தில் இலைக்கருகலும் சேரும். எந்தச் செடி விதையால் தோற்றது, எது காற்றால் தோற்றது என்று பிரிக்க முடியாமல் போகும்.

ஒப்பிடும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாய்க்கால் தலைமாட்டில் ஒரு விதை, கடைமடையில் இன்னொரு விதை என்று வரிசையாக நட்டுவிட்டு, தலைமாடு ஜெயித்ததை ரகம் ஜெயித்ததாக எழுதிக்கொள்வது. உங்களுக்கு ஒரு சென்ட் போதும். 90 செ.மீ. வரிசை இடைவெளி, செடிக்குச் செடி 60 செ.மீ. என்றால் ஒரு சென்டில் 72 செடி பிடிக்கும். மூன்று விதைவழியோடு பி.கே.எம்.1ஐயும் அளவுகோலாகச் சேருங்கள், ஆக நான்கு. நிலத்தைத் தலைமாடு, நடு, கடைமடை என்று மூன்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் நான்கிலும் ஆறு ஆறு செடி. துண்டுக்குத் துண்டு வரிசை முறையைச் சீட்டுக் குலுக்கி மாற்றுங்கள். அந்த ஒரு சென்டுக்கு வெளியே சுற்றிலும் ஒரு வரிசை ஏதாவது தக்காளி ஓரக்காப்பாக நிற்கட்டும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நாற்று ஒரே நாளில் விதைத்தது, ஒரே நாளில் நட்டது என்பதில் தளர்ச்சி கூடாது. நாலு நாள் வித்தியாசம் இருந்தாலே முதல் கொத்துப் பூ வேறு வெப்பத்தில் விரியும்.

சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரம் அடியில். யூரியாவைக் கை நிறைய அள்ளாதீர்கள். இந்த ரகம் இலையாகவே வளர்ந்து ஏமாற்றும். இது நிற்காமல் வளரும் கொடி வகை, ஆறடிக் கம்பு வேண்டும். எல்லாச் செடியிலும் பக்கக் கிளையை ஒரே மாதிரி கிள்ளி இரண்டு தண்டு மட்டும் விடுங்கள். பி.கே.எம்.1ஐ மட்டும் கிள்ளாமல் அதன் போக்கில் விடலாம், அது குட்டை ரகம். முதல் கொத்தில் இரண்டு மூன்று பூ ஒட்டிப் பிறந்தது போலத் தடித்து வரும். அதைக் கிள்ளி எறியுங்கள். அடியில் தையல் போட்டது மாதிரி வடு விழுந்த கோணல் பழம் அதிலிருந்துதான் வரும்.

வெடிப்புக்கு வருவோம். காய விட்டுக் காய விட்டு மடை நிறையத் திறந்தால், தோல் ஈடு கொடுக்காத வேகத்தில் உள்ளே நீர் ஏறிப் பழம் பிளக்கும். அதே ஏற்ற இறக்கத்தில் சுண்ணாம்புச் சத்து காய் நுனிக்குப் போய்ச் சேராமல் அடி கறுத்து அழுகும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் இது வரும் என்பதால் மருந்துக்கடைக்கு ஓடிப் பயனில்லை. சொட்டுநீரில் நாள்தோறும் கொஞ்சம், மேலே வைக்கோல் மூடாக்கு. இதைச் செய்த பிறகும் ஒரு வழி மற்றதைவிடக் கூடுதலாக வெடித்தால் அப்போது அது விதையின் குணம் என்று எழுதிக்கொள்ளலாம்.

எதை எழுதுவது? இரண்டாம், மூன்றாம், நான்காம் கொத்தில் மொத்தப் பூ எத்தனை, பிடித்த காய் எத்தனை. இதுதான் உங்கள் நிலத்துக்கு முக்கியமான எண்; மகசூலைவிட இதையே நான் நம்புவேன். பிறகு நல்ல பழத்தின் எடையும் வெடித்தது, கோணலானது ஆகியவற்றின் எடையும் தனித்தனியாக. சுவை பார்ப்பதானால் மூன்றையும் ஒரே நாளில், தண்ணீர் விட்ட மறுநாள் அல்லாமல், பெயர் தெரியாமல் கிண்ணத்தில் வைத்து வீட்டாரிடம் கொடுங்கள். நிறத்தைப் பங்குனிக்கு முன் பார்த்து முடியுங்கள். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைகோபீன் சரியாக உருவாகாது. அந்த வெயிலில் கலப்புச் செடியின் சிவப்புப் பழமே வெளிறி ஆரஞ்சாக நின்று, ‘அடர்மஞ்சள் வழி’ என்று உங்களை நம்ப வைக்கும். சந்தேகம் வந்தால் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள்: தோல் மஞ்சளாக இருந்தால் பழம் பொன்னிறமாகத் தெரியும், நிறமற்ற தோல் என்றால் எலுமிச்சை வெளுப்பு. இரண்டும் ஒரே பொட்டலத்தில் வந்தால் அது கலவை விதை.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோய் வந்த செடியை முதல் மூன்று வாரத்துக்குள் பிடுங்கிப் புதைத்துவிட்டு, மிச்சச் செடிகளின் சராசரியை எடுங்கள். இந்த வழிகளில் எதற்கும் அதற்கு எதிர்ப்பு கிடையாது. எந்தச் செடியில் வெள்ளை ஈ உட்கார்ந்தது என்பதுதான் வித்தியாசம்.

முடிவு எடுக்கும்போது ஒரே கணக்கு: தலைமாடு, நடு, கடைமடை மூன்றிலும் ஒரே வழி முந்தியிருந்தால் நம்புங்கள். ஒன்றில் முந்தி இரண்டில் பிந்தினால், மொத்த எடையில் கூடுதல் காட்டினாலும் அது மண்ணின் வேலை. என் கணிப்பைக் கேட்டால், மூன்று ஆண்டு நம் வெயிலில் பிடித்த காயிலிருந்தே விதை எடுத்து வந்திருக்கிறீர்கள். வெட்டிலை நாற்றைக் களைந்துவிட்டால் உங்கள் விதை புதியதற்குச் சளைக்காது. பெட்டிக் கணக்கில் சந்தைக்கு ஏற்றும் எண்ணம் மட்டும் வேண்டாம். மஞ்சள் பழத்தைச் செங்காய் என்று விலை குறைப்பார்கள். நேரடியாகக் கேட்டு வாங்கும் ஆள் இருந்தால்தான் இது கட்டும்.

விதைக்கு நிறுத்தும் செடி ஆறுக்குக் குறையாமல் இருக்கட்டும். சான்று விதைக்கே 25 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்து வயல் அத்தனை தூரம் இருக்காது. அதனால் இரண்டாம் அல்லது மூன்றாம் கொத்தில் மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டி, காலை எட்டிலிருந்து பத்துக்குள் தண்டை விரலால் தட்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு வண்ண நூல் கட்டுங்கள். நன்கு பழுத்த பழத்தின் சாற்றோடு விதையைத் தண்ணீர் சேர்க்காமல் பிளாஸ்டிக் பாத்திரத்தில் வைத்துத் தினம் இரண்டு முறை கிளறுங்கள். நம் சூட்டுக்கு ஒன்றரை நாள் போதும். மூன்று நாள் என்று படித்ததை நம்பி விட்டால் உள்ளேயே முளை கட்டிவிடும். கழுவி, மிதந்ததை வடித்து, தாளில் பரப்பாமல் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். தாளில் ஒட்டிய விதையைப் பிய்க்கும்போது தோல் கிழியும்.