கேனப்பியில் இறங்கிய பச்சை

கேள்வி: 1/72 அளவில் (அசலில் 72-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். கேனப்பியின் (விமானி உட்காரும் காக்பிட்டை மூடும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி) சட்டங்களுக்கு டாமியா கம்பெனியின் அக்ரிலிக் பச்சை அடித்தபோது, மாஸ்கிங் டேப்புக்கு அடியில் கசிந்து கண்ணாடியில் இறங்கிவிட்டது. அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரை பட்ஸில் தொட்டு ஒரு ஓரத்தில் துடைத்தேன். பெயிண்ட் போனது, ஆனால் அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மீதி பெயிண்டை எப்படி எடுப்பது? அந்த வெள்ளை போகுமா?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: தம்பி, முதலில் அந்த ரிமூவரை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் இருப்பது அசிட்டோன். 'அசிட்டோன் இல்லாதது' என்று விற்பதிலும் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும். இரண்டுமே உங்கள் மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினைக் கரைப்பவை. பெயிண்ட் கடைத் தின்னரும் அப்படித்தான்.

உங்கள் விமானத்தின் இறக்கையும் கேனப்பியும் ஒரே பிளாஸ்டிக் போலத் தோன்றும். ஆனால் இறக்கையில் உடையாமல் இருக்கக் கொஞ்சம் ரப்பர் கலந்திருப்பார்கள். அதனால்தான் அது ஒளி புகாமல் இருக்கிறது. கண்ணாடிப் பாகத்தில் அந்த ரப்பர் கிடையாது. ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கம்பி) நறுக்கும்போது 'டிக்' என்று தெறிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கரைப்பான் பட்டால் முதலில் விரிசல் விடுவதும் அதுதான்.

என் முதல் ஹரிக்கேன் போர் விமான மாடலை நான் இப்படித்தான் இழந்தேன். 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த, இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரனின் விமானமாக அதைச் செய்ய ஆசைப்பட்டு, மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஹரிக்கேனின் கேனப்பியில் சட்டங்கள் அதிகம், சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஒன்றில் பெயிண்ட் இழுபட்டது. துணியில் தின்னர் தொட்டு ஒரே ஒரு துடை. குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே நான் வரைந்த மீட்டர் பலகை அதன் பிறகு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் எனக்கு உண்டு, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இப்போது மீதி பச்சைக்கு வருவோம். ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, அதன் முனையை பிளேடால் சாய்வாகச் சீவி உளி மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். கேனப்பியின் உள்பக்கத்தில் ப்ளூ டாக் (சுவரில் தாள் ஒட்டும், களிமண் போன்ற பசை) உருண்டையை மெத்தென்று வையுங்கள், அழுத்தும்போது உடையாது. குச்சியைச் சட்டத்தின் ஓரத்தோடு ஓரமாகச் சாய்த்துத் தள்ளுங்கள். அடித்துச் சில மணி நேரமே ஆன பெயிண்ட் என்றால் தோல் மாதிரி சுருண்டு வரும், வழவழப்பான பிளாஸ்டிக்கில் அதற்குப் பிடிமானம் குறைவு. மரம் பிளாஸ்டிக்கைவிட மிருதுவானது, கீறாது. ஊசியோ கத்தியோ வேண்டவே வேண்டாம்.

வரவில்லையென்றால் மருந்துக் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். டாமியா அக்ரிலிக் காய்ந்து பல நாள் ஆனாலும் இதற்கு இளகும். முதலில் அதே கண்ணாடி ஸ்ப்ரூவில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால், குச்சி முனையை நனைத்து, டிஷ்யூவில் ஒற்றி, ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துக்கொண்டு தேயுங்கள். இரண்டு தேய்ப்புக்கு ஒரு முறை முனையைத் துடையுங்கள், இல்லாவிட்டால் கரைந்த பச்சையையே கண்ணாடி முழுக்கப் பூசுவீர்கள். ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள். இறுக்கிப் பொருத்திய பாகம் ஆல்கஹாலில்கூட விரிசல் விடும்.

எனாமல் பெயிண்ட் என்றால் ஆல்கஹால் வேலைக்கு ஆகாது, மினரல் டர்பன்டைன் (ஒயிட் ஸ்பிரிட்) தொட்டு அதேபோல் எடுத்து, உடனே சோப்பு நீரில் அலசுங்கள். லாக்கர் ஸ்ப்ரே என்றால் எந்தத் திரவமும் வேண்டாம். அதைக் கரைப்பது எதுவோ அது பிளாஸ்டிக்கையும் கரைக்கும். குச்சியும், கீழே சொல்லும் பற்பசைத் தேய்ப்பும்தான் வழி.

அடுத்து, அந்த வெள்ளை. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஈரம் இருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், பெரும்பாலும் மேல்தோல் மட்டும்தான் சொரசொரப்பாகியிருக்கிறது. காப்பாற்றலாம். தண்ணீருக்கு அடியிலும் முடி முடியாகக் கோடுகள் மின்னினால் விரிசல் உள்ளே போய்விட்டது. அது தேய்த்தால் போகாது, வேறு கேனப்பிதான் தேட வேண்டும்.

முதல் ரகம் என்றால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைஸான உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து, பொட்டளவு துண்டு வெட்டி, ஒரே திசையில் மெல்லத் தேயுங்கள். பிறகு 3000-ல் அதற்குக் குறுக்குத் திசையில். இந்தக் கட்டத்தில் கண்ணாடி முழுக்க மங்கலாகும், பயப்படாதீர்கள். பிறகு வெள்ளைப் பற்பசையை (ஜெல் வேண்டாம்) பருத்தித் துணியில் வைத்து வட்ட வட்டமாகப் பத்து நிமிடம். அலசித் துடைத்து, தண்ணீரில் கரையும், பளபளப்பான நிறமற்ற அக்ரிலிக்கில் ஒரு முறை முக்கி, ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றி, தூசி படாமல் ஒரு டப்பாவால் மூடி வையுங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய கீறல்களை அது நிரப்பிவிடும்.

மறுபடி அடிக்கும்போது, டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தைக் குச்சியால் அழுத்தி, முதலில் காக்பிட்டின் உள்பச்சையை மிக மெல்லிசாக ஒரு கோட் விடுங்கள். டேப்பின் ஓரம் அதிலேயே அடைபடும். உள்ளிருந்து பார்த்தால் சட்டமும் சரியான நிறத்தில் தெரியும். அதன் மேல் வெளிப்பக்க நிறம்.

கேள்வி: என் சிக்கல் பெயிண்ட் இல்லை, ஆனால் மாடலின் கண்ணாடிப் பாகத்தை சூப்பர் க்ளூவால் ஒட்டியதும் உள்ளே பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஏன்?
(இல்லத்தரசி, திருநெல்வேலி)

பதில்: அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்து இறுகியதுதான் அம்மா. பெரும்பாலும் மேலோட்டமான படிவுதான். பாகத்தைக் கழற்ற முடிந்தால் மேலே சொன்ன பற்பசையும் துணியும் போதும். கழற்றும்போது நெம்பாதீர்கள், ஒட்டிய கோட்டில் பிளேடின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுங்கள். இனிமேல் கண்ணாடிப் பாகங்களுக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். காய்ந்தால் நிறமற்றுப் போகும், ஆவி வராது, வழிந்தால் ஈர பட்ஸால் துடைத்துவிடலாம்.