நாய்க்கு மூட்டுப் பிடிப்பு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): எங்கள் லப்ரடோருக்கு 9 வயது. தொடர்மாடி வீடு, தரை முழுக்க டைல்ஸ். கொஞ்ச நாளாகக் காலையில் எழும்பக் கஷ்டப்படுகிறான். பின்னங்கால் விறைத்துப்போய், நாலைந்து அடி வைத்த பிறகுதான் ஒழுங்காக நடக்கிறான். செல்லப்பிராணிக் கடையில் குளுக்கோசமைன் தூள் ஒரு போத்தல் தந்தார்கள். வெளிநாட்டுச் சாமான், விலையும் சரியான கூட. போத்தல் முடிந்துவிட்டது. வித்தியாசம் இருக்கிறது போலவும் தெரிகிறது, இல்லை போலவும் தெரிகிறது. அடுத்ததை வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசோடு முதலில் மிருக வைத்தியரிடம் போங்கள். கடைக்காரர் உங்கள் நாயைத் தொட்டும் பார்த்திருக்க மாட்டார். எழும்பக் கஷ்டப்படுகிறான் என்று நீங்கள் சொன்னதும் தட்டிலிருந்து எடுத்து நீட்டியிருப்பார்.

கிடந்து எழும்பும்போது விறைப்பு, நடக்க நடக்க இளகுவது என்றால் பெரும்பாலும் மூட்டுத் தேய்வுதான். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோய் மூட்டு வலிக்கத் தொடங்கும். லப்ரடோர், அல்சேஷன், ரொட்வைலர் போன்ற பெரிய இனங்களில், தொடை எலும்பின் உருண்டை முனை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் வளர்வது பரம்பரையாக வரும் குறை. வயது போகப் போக அது இப்படி வெளியே தெரியும்.

ஆனால் கொழும்பில் யாராவது நாய்க்கு மூட்டுப் பிடிப்பு என்றால் நான் முதலில் கேட்பது, உண்ணி இருக்கிறதா என்றுதான். எங்கள் வெக்கைக்கு வருடம் முழுக்க உண்ணி உண்டு. அது பரப்பும் எர்லிக்கியா போன்ற கிருமிகள் மூட்டுகளையும் தாக்கும். நடையைப் பார்த்தால் மூட்டுத் தேய்வு போலவே இருக்கும். காதை மடித்து உள்ளே பாருங்கள். கால்விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். கழுத்துப் பட்டியைக் கழற்றி அடியில் தடவிப் பாருங்கள். அப்புறம் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறியிருந்தால், சாப்பாட்டையும் வேண்டாம் என்றால், மூக்கால் இரத்தம் வந்தால், அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு வைத்தியர் வழக்கமாக டொக்சிசைக்ளின் போன்ற அன்டிபயோட்டிக்கை நான்கு வாரம் அளவுக்குத் தருவார். அந்த நோய்க்கு எந்த மூட்டுத் தூளும் உதவாது.

வைத்தியரிடம் போகும்போது ஒரு வீடியோ கொண்டு போங்கள். காலையில் அவன் படுக்கையை விட்டு எழும்புவதையும் முதல் பத்து அடி நடப்பதையும் போனில் எடுத்தால் போதும். கிளினிக் வாசலில் பயத்தில் பல நாய்கள் நொண்டுவதையே மறந்துவிடும். அந்த வீடியோவை அழிக்க வேண்டாம். எந்தச் சாமான் வாங்கிக் கொடுத்தாலும், இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய மனம் 'கொஞ்சம் பரவாயில்லை' என்றுதான் சொல்லும். ஆய்வுகளில் மருந்தே இல்லாத போலிக் குளிசை கொடுக்கப்பட்ட நாய்களின் வீட்டுக்காரர்களிலும் கணிசமானோர் முன்னேற்றம் தெரிகிறது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

சரி, அந்தத் தூள். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பது. சந்தையில் அது மருந்தாக அல்ல, உணவுச் சேர்க்கையாகவே விற்கிறது. நாய் பூனைகளின் மூட்டு வலிக்குக் கொடுக்கும் சேர்க்கைகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2022இல் வெளியான ஒரு மீளாய்வு, குளுக்கோசமைன், கொண்ட்ரொயிட்டின் கலவைகள் பலன் தரவில்லை என்று சொன்னது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3க்குப் பலன் இருப்பதாக அதே மீளாய்வு சொல்கிறது. அதனால் ஏதாவது சேர்க்கை வாங்கியே தீர வேண்டுமென்றால் மீன் எண்ணெய் வாங்குங்கள். அளவை நாயின் நிறையைச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். பாமசியில் அதற்குப் பதிலாக கொட் லிவர் ஒயில் தந்தால் வாங்க வேண்டாம். அது ஈரல் எண்ணெய், வைட்டமின் ஏயும் டியும் நிறைய உண்டு, அளவு கூடினால் நாய்க்குக் கேடு.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது காசே இல்லாத வேலை: நிறையைக் குறைப்பது. 48 லப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டு, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. இதை நடத்தியது பியூரினா, அதாவது நாய்ச் சாப்பாடு விற்கிற கம்பனி. குறைத்துப் போடச் சொல்லி அவர்களுக்கு என்ன லாபம்? அதனாலேயே எனக்கு இந்த ஆய்வில் நம்பிக்கை கூட.

உங்கள் நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் தேநீர் நேரத்துப் பிஸ்கட், பாண் விளிம்பு, மத்தியானம் மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உடல் நிறையில் 6 சதவீதம் சொச்சம் குறைந்தாலே நொண்டல் குறைவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 36 கிலோ நாய் என்றால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

அடுத்தது தரை. வலியுள்ள காலோடு டைல்ஸில் எழும்ப முயலும்போது பின்னங்கால் வழுக்கி விரியும். அந்த இழுவையில் வலி இன்னும் கூடும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கோப்பை வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் அடியில் ரப்பர் ஒட்டிய கால்விரிப்பைத் தொடர்ச்சியாகப் போடுங்கள். புறக்கோட்டையில் மலிவாக எடுக்கலாம். நகத்தையும் பாதத்துக்கு அடியில் வளரும் மயிரையும் வெட்டிவிடுங்கள். 'ஓர்தோபீடிக்' என்று எழுதி விற்கும் நாய்ப் படுக்கைக்கு அள்ளிக் கொடுக்கத் தேவையில்லை. மெத்தைக் கடையில் அழுத்தமான ஃபோம் துண்டு ஒன்று வெட்டி வாங்கி, கழுவக்கூடிய உறை போட்டால் அதே வேலைதான்.

நடையை நிறுத்த வேண்டாம். ஒரு நீண்ட நடைக்குப் பதில் மரைன் டிரைவில் வெயிலுக்கு முன் ஒன்று, இருட்டுப்பட ஒன்று என்று சின்னதாகப் பிரியுங்கள். பந்தெறிந்து ஓடவிடுவது இனிப் போதும்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): எங்கள் கிழட்டு நாய் வலியில் முனகும்போது பாதி பெனடோல் கொடுக்கலாமா? வீட்டில் டைக்ளோஃபெனக்கும் இருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். டைக்ளோஃபெனக், இபுப்ரொஃபென் போன்றவை நாயின் வயிற்றில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பெனடோலில் இருக்கும் பரசிட்டமோல் அளவு தப்பினால் ஈரலைத் தாக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் அதற்கு ஒரு துண்டே உயிருக்கு ஆபத்து. நாய்க்கென்றே மெலொக்சிக்கம், கார்ப்ரொஃபென் போன்ற வலி மருந்துகள் இருக்கின்றன. நிறையைப் பார்த்து வைத்தியர் எழுதித் தருவார். தொடர்ந்து கொடுப்பதென்றால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஏற்கெனவே பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டெரொயிட் ஏதும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டெரொயிட்டும் இந்த வலி மருந்துகளும் ஒன்றாகச் சேரக்கூடாது.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): கனடாவிலிருக்கும் தம்பி, அங்கே நாய் மூட்டு வலிக்கு மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள் என்கிறான். வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: அவர் சொல்வது லிப்ரேலாவாக இருக்கும். வலியைக் கடத்தும் ஒரு புரதத்தைத் தடுக்கும் ஊசி அது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி கிடைத்தது. நல்ல பலன் கண்ட நாய்களும் உண்டு. ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நடை தள்ளாடுவது, வலிப்பு, சிறுநீர் அடக்க முடியாமல் போவது போன்ற பக்கவிளைவு முறைப்பாடுகள் வந்திருப்பதாக வைத்தியர்களுக்கு எழுதியது. போதாததற்கு, இந்த மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்க வரைக்கும் பெட்டிக்குள் வெக்கையில் வந்த ஊசியை எந்த வைத்தியர் போடுவார்? கொண்டுவரச் சொல்ல வேண்டாம். உங்கள் வைத்தியரிடமே இதைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகி): பேஸ்புக்கில் பார்த்து மூட்டுக் குளிசை வாங்கினேன். வந்த போத்தலில் காலாவதித் திகதிக்கு மேல் வேறொரு ஸ்டிக்கர். உரித்துப் பார்த்தால் பழைய திகதி. கேட்டதற்கு 'கொம்பனியே ஒட்டியது' என்கிறார்கள். இப்போது பதிலும் இல்லை.

பதில்: இனி ஸ்டிக்கரை மேலும் உரிக்காமல் அப்படியே விடுங்கள், அதுதான் உங்கள் சாட்சி. போத்தலைச் சுற்றிவர, தொகுதி இலக்கமும் தெரியும்படி படம் எடுங்கள். விளம்பரம், வட்ஸ்அப் உரையாடல், காசு அனுப்பிய வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பேஸ்புக் பக்கம் ஒரே இரவில் பெயர் மாறிவிடும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, லேபிளில் உள்ள விவரத்தை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம். ஆனால் போனில் சொன்னதோடு நிற்க வேண்டாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விற்பவர் திரும்ப அழைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்து இந்தக் காலத்தைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த தடவை லேபிளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். குளுக்கோசமைன் ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதாமல் 'விசேட கலவை' என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். மனிதர்களுக்கான சீனியில்லாத மெல்லும் குளிசைகளையும் நாய்க்கு வாங்க வேண்டாம். சிலவற்றில் சீனிக்குப் பதிலாகச் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு நஞ்சு.

கேள்வி (வத்தளை வாசகர்): ரொட்வைலர் குட்டி வாங்கப் போகிறோம். 'பேப்பர் இருக்கிறது' என்கிறார் விற்பவர். குட்டியோடு கல்சியம் சிரப்பும் வாங்கச் சொல்கிறார்.

பதில்: அந்தப் பேப்பர் குட்டியின் வம்சத்தைச் சொல்லும்; தாய் தகப்பனின் இடுப்பு எப்படி என்று சொல்லாது. இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்த அறிக்கையைக் கேளுங்கள். நாய்களின் எலும்பு, மூட்டுக் குறைகளைப் பரிசோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு, நாய்க்கு 2 வயது நிறைந்த பிறகுதான் இடுப்புக்கு இறுதிச் சான்று தரும். அதனால் ஒரு வயதுத் தாயைக் காட்டி 'செக் பண்ணியாச்சு' என்றால் நம்ப வேண்டாம். அறிக்கை இல்லாவிட்டால், பெற்றோரை உங்கள் கண்முன்னே எழுப்பி நடத்தச் சொல்லுங்கள். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் துள்ளினால் அந்த இடத்தில் குட்டி வாங்க வேண்டாம்.

கல்சியம் சிரப் வேண்டவே வேண்டாம். பெரிய இனக் குட்டிகளின் குடல், கூடுதலாக வரும் கல்சியத்தை வெளியே தள்ளத் தெரியாமல் உள்ளே எடுத்துக்கொள்ளும். அதனால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரலாம். பெரிய இனக் குட்டிகளுக்கான தயாரித்த உணவைக் கொடுத்தால் தேவையான கல்சியம் அதிலேயே இருக்கிறது. சோறும் இறைச்சியும் கொடுத்து வளர்ப்பதாக இருந்தால் கணக்கு வேறு; அதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள், விற்பவரிடம் அல்ல.

கேள்வி (கிருலப்பனை வாசகி): அம்மா நாயின் முழங்காலுக்கு வலித் தைலம் பூசிவிடுகிறார். பரவாயில்லையா?

பதில்: நிறுத்தச் சொல்லுங்கள். பூசினதை நாய் நக்கும். கற்பூரமும், பல தைலங்களில் இருக்கும் மெதைல் சலிசிலேற்றும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சூடு கொடுக்க ஆசையென்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துவாயைப் பத்து நிமிடம் வைத்துவிடலாம். சூட்டை முதலில் உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஏற்கெனவே பூசியிருந்தால் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். எச்சில் வடிந்தாலோ சத்தியெடுத்தாலோ தைலப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.