மாட்டை விற்பதற்கு முன்பே

மதிப்பிற்குரிய ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் அனுப்பி வருகிறோம். சோமாலியாவின் வறட்சிக்குக் கொடுத்தோம். அடுத்த ஆண்டே அதே பகுதியில் வெள்ளம் என்று மறுபடி கேட்டார்கள். ‘கொடுக்கக் கொடுக்கக் கையேந்தப் பழகிவிடுவார்கள்’ என்று எங்களில் சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இனிமேல் பணத்துக்குப் பதிலாக அரிசியும் துணியும் திரட்டி அனுப்பலாமா என்றும் பேச்சு நடக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இரண்டாம் முறை கொடுத்ததும் முதல் முறை கொடுத்த அதே துயரத்துக்குத்தான். ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் (சோமாலியாவும் அதன் அண்டை நாடுகளும்) 2020 இறுதியிலிருந்து தொடர்ச்சியாக ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. பிறகு 2023 கடைசியில், பசிபிக் கடல் சூடேறி மழைப்போக்கே மாறும் எல் நினோ ஆண்டில், மழை கொட்டித் தீர்த்தது. காய்ந்து இறுகிய தரையில் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை, ஓடிவிடுகிறது. வறட்சிக்குத் தப்பி எலும்பும் தோலுமாக நின்ற ஆடுகளுக்கு அந்த வெள்ளத்தில் நிற்க வலு ஏது? விதைத் தானியத்தையே தின்று உயிர் பிழைத்த குடும்பத்துக்கு நிலம் நனைந்து என்ன பயன்?

‘கையேந்தப் பழகிவிடுவார்கள்’ என்ற சொல் என்னைக் கோபப்படுத்துகிறது. பசி வந்ததும் யாரும் நிவாரண முகாமுக்கு ஓடுவதில்லை. முதலில் ஒரு வேளை உணவைக் குறைக்கிறார்கள். தாய் தன் பங்கைப் பிள்ளைக்குத் தள்ளி வைக்கிறாள். உறவினரிடம் கடன் வாங்குகிறார்கள். பிறகு ஆட்டை விற்கிறார்கள். ஊரே ஒரே நேரத்தில் விற்பதால் ஆட்டின் விலை சரிகிறது, தானியத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. அடுத்து உழவு மாடு. அடுத்து பிள்ளைகளின் படிப்பு. விற்பதற்கு இனி ஒன்றுமில்லை என்ற பிறகுதான் வீட்டைப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்குகிறார்கள். புகைப்படத்தில் நாம் பார்க்கும் முகம், பல மாதங்கள் தன் கையை ஊன்றியே நின்ற ஒருவரின் முகம்.

நம் உதவி பெரும்பாலும் அந்தப் புகைப்படத்துக்குப் பிறகே கிளம்புகிறது. எனக்குத் தீராத வருத்தம் இதுதான். ஒரு பகுதியில் பஞ்சம் என்று ஐ.நா. அமைப்புகள் அறிவிக்கும் அளவுகோல்களில் ஒன்று, பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு பேராவது செத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது. சோமாலியாவில் 2011 ஜூலை 20 அன்று அந்த அறிவிப்பு வந்தது. மழை பொய்க்கும் என்ற எச்சரிக்கை முந்தைய ஆண்டிலேயே வந்திருந்தது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஏறத்தாழ பாதிச் சாவுகள் அறிவிப்புக்கு முன்பே நிகழ்ந்துவிட்டன.

அரிசியா பணமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1974இல் பிரம்மபுத்திரா பெருகி வங்கதேசத்தின் வயல்கள் மூழ்கின. அந்த ஆண்டு தலைக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த உணவு தானியம், முன்பின் ஆண்டுகளைவிட அதிகமாகவே இருந்தது என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். வயல் மூழ்கியதால் வேலை போயிற்று, வேலையோடு கூலியும் போயிற்று, அரிசி விலை மட்டும் ஏறியது. கடையில் அரிசி இருந்தும் வாங்கக் காசில்லாமல் மக்கள் செத்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குக் கப்பலில் மூட்டைகளை அனுப்பினால், அவை போய்ச் சேர மாதக்கணக்காகும். பணம் கொடுத்தால் குடும்பம் அன்றே வாங்கிவிடும், உள்ளூர் வியாபாரியும் பிழைத்திருப்பார். சந்தையே முடங்கிய இடங்களில், போர் சூழ்ந்த, பாதை அறுந்த இடங்களில், உணவாகத்தான் கொண்டுசெல்ல வேண்டும். உடல் வற்றிப்போன குழந்தைக்குச் சாதாரண உணவு போதாது, வேர்க்கடலையும் பால்பொடியும் சேர்த்த சிகிச்சைப் பசை போன்ற உணவு வேண்டும். அந்தப் பசையின் 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி இருக்கிறது. அதைச் சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். வெள்ளம் சூழ்ந்த ஊரில் தண்ணீர் கலக்கத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

துணி அனுப்பவே அனுப்பாதீர்கள். அதைப் பிரிக்கவும் ஏற்றவும் ஆகும் செலவு, அங்கே வாங்கும் விலையைத் தாண்டிவிடலாம்.

முந்திக்கொண்ட உதவிக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020 ஜூலையில் ஜமுனா ஆற்றங்கரைகளில் (பிரம்மபுத்திராவை வங்கதேசத்தில் ஜமுனா என்பார்கள்) பெருவெள்ளம் வரும் என்று முன்கணிப்பு சொன்னது. ஐ.நா.வின் அவசர நிதி உடனே திறந்துவிடப்பட்டது. வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன்பே பல்லாயிரம் குடும்பங்களின் கைபேசிக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் உணவு வாங்கி வைத்தார்கள். பணம் கிடைக்காத குடும்பங்களைவிட இவர்களிடையே நாள் முழுவதும் பட்டினி கிடந்தவர்கள் குறைவு என்று பின்னர் ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள்.

உங்கள் நண்பர்கள் சேர்த்த பணத்தை ‘இந்த வெள்ளத்துக்கு மட்டும்’ என்று கட்டிப்போடாமல், அந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் இருந்து வேலை செய்யும் ஓர் அமைப்பிடம் கொடுங்கள். முடிந்தால் ஆண்டுக்கொரு முறை என்பதை மாதந்தோறும் சிறு தொகை என்று மாற்றுங்கள். செய்தித்தாளில் பஞ்சம் என்ற சொல்லே இல்லாத மாதத்திலும் அது போய்க்கொண்டிருக்கட்டும். அந்த மாதத்தில்தான் எங்கோ ஒருவர் தன் மாட்டை விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்.