மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ள நிலத்தில் நீரோட்டத்தைக் கணக்கிட ஒரே சராசரி போதுமா?
போதாது. எந்தச் சராசரி என்பதுதான் சிக்கலே. 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் தார்சி சொன்ன விதி எளிது: ஓட்டம், நீர்மட்டச் சரிவையும் மண்ணின் கடத்துதிறனையும் (நீரை எவ்வளவு எளிதாக விடும் என்பதையும்) பொறுத்தது. சரி, ஒரே தடிமனில் ஒரு மணல் அடுக்கு (கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர்), ஒரு களிமண் அடுக்கு (0.001 மீட்டர்) என்று வைத்துக்கொள்வோம். அடுக்கின் போக்கிலேயே நீர் ஓடினால் கூட்டுச் சராசரி, சுமார் 5. குறுக்கே இறங்கினால் இசைச் சராசரி (தலைகீழ் மதிப்புகளின் சராசரியை மறுபடி தலைகீழாக்கியது), வெறும் 0.002! களிமண்தான் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறது. நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் மோட்ஃபுளோ மென்பொருளும், நிலத்தைப் பிரித்த அடுத்தடுத்த கட்டங்களுக்கு இடையே வழக்கமாக இசைச் சராசரியைத்தான் எடுக்கும்.

நீர்மட்டத்தை மட்டும் கணிக்க இப்படிச் சராசரி எடுப்பது ஓரளவு ஒத்துவரும். மாசு எப்போது கிணற்றை எட்டும் என்று கேட்டால் கதை வேறு: இடையில் மெல்லிய சரளைப் பட்டை ஒன்று தொடர்ச்சியாக ஓடினால் போதும், சராசரி சொன்ன நாளுக்கு வெகு முன்பே வந்துவிடும். அதனால்தான் ஆழ்துளைத் தரவுக்குப் பொருந்தும் பல மண் அமைப்புகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.