மறு: ஏற்காட்டு வீட்டில் அப்பாவின் கடிதப் பெட்டி

வணக்கம் தம்பி. தமிழ்ப் பேராசிரியரான அப்பா மறைந்தபின் ஏற்காட்டு வீட்டில் தகரப்பெட்டி நிறையக் கடிதங்கள் கிடைத்தன, பூஞ்சை பிடிக்கிறது, லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டியதைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது.

முதலில் பெட்டியை மலையிலிருந்து இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அந்த ஈரம் காகிதத்துக்கு ஆகாது. வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விரியுங்கள், முகக்கவசம் அவசியம். துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். அப்பா கட்டிவைத்த வரிசை கலையக் கூடாது. உறைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: தேதி போடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் சாட்சி. எண் போடுவதென்றால் பென்சிலில். அப்புறம் இருபுறமும் படம் எடுங்கள்.

ஆனால் உங்களிடம் இருப்பது பாதிதான். அப்பா எழுதியவை மற்றவர் வீடுகளில் இருக்கும். உறைகளில் உள்ள முகவரிகளுக்கு இன்றே எழுதுங்கள், அவர்களுக்கும் வயதாகிறது. நகல் கேளுங்கள்; அவரைப் பற்றி நினைவிருப்பதையும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் மிக அவசரமாகப் படுகிறது.

1880-ல் உ.வே.சா.வைச் சீவக சிந்தாமணிக் காப்பியத்தின் பக்கம் திருப்பியவர் நம் சேலம் இராமசாமி முதலியார். அந்த உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தியதால்தான் அக்காலத் தமிழறிஞர்களின் பேச்சு நமக்குக் கேட்கிறது.

மூலத்தைக் கொடுப்பதானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள்; பட்டியலோடு போனால் நல்லது. அச்சிடுவதற்கு முன் எழுதியவர்களின் வாரிசுகளிடம் அனுமதி வாங்குங்கள். தாள் உங்களுடையது, பதிப்புரிமை அவர்களுடையது.