வடக்கு வாசலும் சாத்தானும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பழைய கிராம ஆலயங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். பலவற்றில் வடக்குச் சுவரில் இருந்த வாசலைக் கல்வைத்து அடைத்திருக்கிறார்கள். “அது சாத்தானின் வாசல். ஞானஸ்நானத்தின்போது குழந்தையை விட்டு நீங்கும் பேய் ஓடிப்போக அதைத் திறந்து வைப்பார்கள்” என்றார் வழிகாட்டி. உண்மையா?

கி.

அன்புள்ள கி.,

அது பிற்காலத்தில் பரவிய கதை. அன்றைய சடங்கிலேயே அதற்கு இடமில்லை. இடைக்கால இங்கிலாந்தில் பரவலாக இருந்த ‘சாரம்’ (Sarum, அதாவது சாலிஸ்பரி பேராலயத்தின்) வழிபாட்டு முறைப்படி, குழந்தையின் நாவில் உப்பு வைப்பதும் பேயோட்டும் செபங்களும் ஆலய வாசலிலேயே முடிந்துவிடும். அதன்பிறகே குரு குழந்தையின் வலக்கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்வார். வெளியிலேயே விரட்டப்பட்ட பேய்க்கு உள்ளே எதற்கு ஒரு வாசல்?

வடக்கு வாசல் பவனிக்குப் பயன்பட்டது. குருத்து ஞாயிறு போன்ற நாள்களில் சிலுவையோடு ஒரு வாசலில் கிளம்பி, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, இன்னொரு வாசலில் நுழைவார்கள். 1547-இல் மன்னர் ஆறாம் எட்வர்டின் ஆணை பவனிகளைத் தடைசெய்தது. அதன்பின் அந்த வழியாக வந்தது குளிர்காற்றுதான், அடைத்துவிட்டார்கள். ஊர் வடக்கே அமைந்த இடங்களில் வடக்கு வாசலே தலைவாசலாக இருந்ததையும் நினைவில் வையுங்கள்.

மற்ற ஊர்களில் தலைவாசல் தெற்கே. திருமணச் சம்மதம் கேட்டது அதன் முகப்பில்தான். தான் இறந்தால் மனைவிக்கு எந்த நிலம் சேரும் என்பதை மணமகன் அங்கே சாட்சிகள் முன் சொல்வான். பிறகு மோதிரத்தை அவள் கட்டைவிரலில் வைத்து ‘பிதா’, ஆள்காட்டி விரலில் ‘சுதன்’, நடுவிரலில் ‘பரிசுத்த ஆவி’, நான்காம் விரலில் ‘ஆமென்’ என்று சொல்லி அங்கேயே விட்டுவிடுவான். திருப்பலிக்குத்தான் உள்ளே போவார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549-ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூல் முழுச் சடங்கையும் உள்ளே கொண்டுவந்தது.

அடுத்த முறை போகும்போது கதவின் உட்புறம், நிலையை ஒட்டிய சுவரைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆழமான சதுரத் துளை, எதிர்ப்பக்கம் மேலோட்டமான குழி இருந்தால், அது கணையமரத்துக்கான, அதாவது கதவின் குறுக்கே போடும் தாழ்மரத்துக்கான, இடம். கதவைத் திறக்கும்போது மரம் முழுவதும் ஆழத் துளைக்குள் போய்விடும். பூட்டும்போது இழுத்து எதிர்க்குழியில் செருகுவார்கள். உள்ளிருந்து அப்படிப் பூட்டியவர் வேறு வழியாகத்தானே வெளியேற வேண்டும்? பீடப்பகுதியின் தெற்குச் சுவரில் குருவுக்கென்று ஒரு சிறிய கதவு இருக்கும். அதில் சாவித்துளை வெளிப்புறம் இருக்கிறதா என்று பாருங்கள்.